கேலிபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

டி.ஓ. மீட்டர் பற்றி வரும் புகார் பெரும்பாலும் ஒரே வாக்கியமாகத்தான் வரும். "சார், ரீடிங் தப்பா காட்டுது." கேலிபரேஷன் பண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்பதற்குள், "ரெண்டு தரம் பண்ணிட்டேன் சார், அப்பவும் அப்படித்தான்" என்ற பதிலும் வந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவிகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில். இந்தத் தொழிலில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பழுதுபார்ப்பதில் கேலிபரேஷன் கடைசிப் படி. அதை முதலில் செய்துவிட்டால், கோளாறு எங்கே இருந்தது என்பதற்கான தடயம் அத்தோடு அழிந்துபோகும்.

இதை அடி அண்ணாமலையை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலை நகரமும் பெரிய கோயிலும் மலையின் கிழக்கடியில் இருக்கின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நகரத்தை விட்டு விலகி மலையின் மறுபுறம் வரும்போது, மேற்குப் பக்கத்தில் ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலோடு அடி அண்ணாமலை வருகிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கும் பாதை இது. பாதையை ஒட்டித் தீர்த்தங்களும் குளங்களும் இருக்கின்றன. கோயில் குளம் என்றால் பச்சைத் தண்ணீர், விளக்கெண்ணெய், மாலை, படித்துறை, அடியில் பல வருடத்துச் சேறு, சித்திரை வெயில் எல்லாம் உண்டு. ஒரு டி.ஓ. மீட்டருக்கு வரக்கூடிய சோதனைகள் அனைத்தும் இப்படிப்பட்ட ஓர் இடத்திலேயே வந்துவிடும்.

முதலில், அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று பார்ப்போம். கடல் மட்ட அழுத்தத்தில், 25 டிகிரி செல்சியஸில், காற்றோடு நன்றாகக் கலந்த நன்னீரில் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் 7.56. 35 டிகிரியில் 6.95. தண்ணீர் சூடேறச் சூடேற அது தாங்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறைப்படி, திறந்தவெளியில் குளிப்பதற்கான நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மீன் வளர்ப்புக்கு 4. ஆக, நம் ஊர் வெயிலில் நிறைவான தண்ணீருக்கும் குளிக்கத் தகாத தண்ணீருக்கும் நடுவே இருப்பதே இரண்டு, இரண்டரை மில்லிகிராம்தான். அதில் மீட்டர் ஒரு மில்லிகிராம் தவறினாலும் அந்தக் குளத்தைப் பற்றிய தீர்ப்பே மாறிவிடும். அதனால்தான் இந்தச் சின்னக் கருவியின் கோளாறை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

எண் விசித்திரமாக இருந்தால் நான் முதலில் கருவியைத் தொடமாட்டேன். தண்ணீரைப் பார்ப்பேன். அந்த எண் உண்மையாகவே இருக்கலாம்.

குளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து மீன் விட்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டது இது: "தம்பி, விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துகினு கெடக்குது. நீங்க பன்னெண்டு மணிக்கு வந்து பாத்தா மிஷின் பதினொண்ணு காட்டுது. எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்புங்க ஐயா" என்றேன். "நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி வந்து ஒரு தரம் பாக்கறேன்."

பாசி நிறைந்த தண்ணீரில் பகலில் ஒளிச்சேர்க்கை நடக்கும். அப்போது காற்றிலிருந்து கரையக்கூடிய அளவையும் தாண்டி ஆக்சிஜன் ஏறிவிடும். 30 டிகிரித் தண்ணீரில் 11 மில்லிகிராம் என்றால் நிறைவளவில் ஏறத்தாழ 150 சதவீதம். பச்சைக் குளத்தில் உச்சிப்பொழுதுக்கு மேல் இது சாதாரணம். இரவில் அதே பாசி, மீன், சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து அந்த ஆக்சிஜனைச் செலவழிக்கும். விடியலுக்குச் சற்று முன் அளவு அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். பகலில் 11 காட்டும் குளம் விடியற்காலையில் 2-க்குக் கீழே போவதும் உண்டு. ஒரே குளம், ஒரே மீட்டர், இரண்டும் உண்மை.

அடி அண்ணாமலைக்கு இதில் இன்னொரு தனித்தன்மை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயரமுள்ள மலை, ஊருக்குக் கிழக்கே வானத்தை மறைத்து நிற்கிறது. நகரத்துக் குளங்களில் காலை வெயில் விழத் தொடங்கிய பின்னும் மேற்கடியில் இருக்கும் தண்ணீர் மலையின் நிழலில்தான் கிடக்கும். வெயில் தாமதமாக வந்தால் பாசியின் வேலையும் தாமதமாகத்தான் தொடங்கும். காலை ஏழு மணிக்கு நகரத்துக்குள் அய்யங்குளத்தில் எடுத்த அளவையும் அதே நேரத்தில் மலைக்குப் பின்னால் எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டாவது மீட்டர் கம்மியா காட்டுது" என்று முடிவு கட்டினால் அது மீட்டருக்குச் செய்யும் அநியாயம். கடிகார நேரத்தோடு, வெயில் எப்போது தண்ணீரில் விழுந்தது என்பதையும் எழுதி வைத்தால்தான் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

தண்ணீர் மேல் சந்தேகம் தீர்ந்த பிறகே ப்ரோபைக் கையில் எடுக்க வேண்டும். அதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க் இரத்தத்தில் ஆக்சிஜனை அளப்பதற்காக ஒரு மின்முனையை உருவாக்கினார். 1956-இல் அது வெளியுலகுக்கு வந்தது. இன்று குளத்திலும் ஆலைக் கழிவுநீர்த் தொட்டியிலும் நாம் இறக்கும் மெம்பிரேன் ப்ரோபுகள் எல்லாம் அதன் வாரிசுகள். நுனியில் மெல்லிய டெஃப்லான் அல்லது பாலித்தீன் படலம். அதற்குப் பின்னால் பொட்டாசியம் குளோரைடு கரைசல். கரைசலுக்குள் தங்கம் அல்லது பிளாட்டினத்தில் கேத்தோடு, வெள்ளியில் ஆனோடு. படலம் தண்ணீரை உள்ளே விடாது, ஆக்சிஜனை விடும். உள்ளே வந்த ஆக்சிஜன் கேத்தோடில் வினைபுரிந்து தீர்ந்துபோகும். அப்போது ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் மீட்டர் மில்லிகிராமாக மாற்றிக் காட்டுகிறது.

இந்த ஒரு பத்தியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானாகவே புரியும். ப்ரோப் தான் அளப்பதையே தின்றுகொண்டிருக்கிறது. அசையாத தண்ணீரில் அதை அப்படியே தொங்கவிட்டால் நுனியருகே உள்ள ஆக்சிஜன் தீர்ந்து, எண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும். குளத்தில் ஓட்டம் கிடையாது. ஆகவே ப்ரோபை மேலும் கீழும் சீராக அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும், அல்லது கலக்கியைப் பொருத்த வேண்டும். "ரீடிங் நிக்கவே மாட்டேங்குது, எறங்கிக்கிட்டே இருக்கு" என்ற புகாரோடு வரும் மீட்டர்களில் பலவற்றுக்கு எந்தப் பழுதும் இருக்காது. அதேபோல், வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து இயக்கும் வகை ப்ரோபுக்கு ஆன் செய்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். வண்டியிலிருந்து இறங்கிய கையோடு படித்துறையில் அளந்தால் அது உண்மைக்கு மேலே நின்று, பிறகுதான் தணியும். ஈயம் அல்லது துத்தநாக ஆனோடு வைத்த கால்வனிக் வகைக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமலே பல வருடம் அளந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நுனி. வெயிலுக்கு எதிரே பிடித்து, முடிந்தால் உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். படலத்தில் சுருக்கம் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, கரைசலுக்குள் காற்றுக்குமிழி மாட்டியிருக்கிறதா? குமிழி இருந்தால் எண் துள்ளும். ப்ரோபைச் சாய்த்தால் ஒன்று, நிமிர்த்தினால் ஒன்று காட்டும். படலம் கிழிந்திருந்தால் அளவு தாறுமாறாக ஏறும். தீபம் ஏற்றும் படித்துறைகளில் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படிவு மிதக்கும். ப்ரோப் அதைக் கடந்துதான் கீழே இறங்குகிறது. அந்த எண்ணெய் நுனியில் ஒட்டிக்கொண்டால் அளவு மந்தமாகும். ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண்ணுக்கு நகர மிகுந்த நேரம் பிடிக்கும். இறக்குமுன் மேல்பரப்பை விலக்கிவிட வேண்டும். ஒட்டிவிட்டால் மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். நகத்தால் சுரண்டவே கூடாது.

ப்ரோப் சேற்றில் விழுந்தது என்றால் ஆனோடைப் பார்ப்பேன். அழுகிய முட்டை நாற்றம் வரும் கறுப்புச் சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அது படலத்தைக் கடந்து போய் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். இப்படிக் கறுத்த ஆனோடோடு கேலிபரேஷன் ஒன்று எடுக்காது, அல்லது எடுத்த சில மணி நேரத்தில் விலகிப்போகும். தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் முறைப்படி அமோனியா கரைசலில் ஊறவைத்தோ, அவர்களே தரும் நயமான உப்புத்தாளால் தேய்த்தோ சுத்தம் செய்து, புதிய கரைசலும் புதிய படலமும் போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் வாங்கிய முரட்டு உப்புத்தாளைக் கேத்தோடில் வைத்தால் அந்த ப்ரோபின் ஆயுள் அன்றோடு முடிந்தது.

கேபிளும் கனெக்டரும் அடுத்த சந்தேகம். ப்ரோபில் ஓடுவது மிக மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால், கனெக்டரில் ஈரம் ஏறினாலே அது திசைமாறிக் கசியும். பிறகு வெப்பமானி. ஆக்சிஜன் அளவு முழுக்க வெப்பத்தை நம்பியே கணக்கிடப்படுகிறது. படலத்தின் வழியே ஆக்சிஜன் நுழையும் வேகமே டிகிரிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் மாறும். மீட்டர் காட்டும் வெப்பத்தை, நம்பத்தக்க ஒரு கண்ணாடி வெப்பமானியோடு அதே வாளித் தண்ணீரில் ஒப்பிடுவதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாமல், ஆக்சிஜன் பகுதியைத் திறந்து நாள் முழுக்கத் தேடுவதில் பயனில்லை.

அமைப்புகளையும் விட்டுவிடக் கூடாது. கடலோர இறால் பண்ணையில் பயன்படுத்திய மீட்டர் நன்னீர்க் குளத்துக்கு வரும்போது உப்புத்தன்மை அமைப்பு அப்படியே இருந்தால், நல்ல தண்ணீரையும் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டும். காற்றழுத்தம் இன்னொன்று. திருவண்ணாமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நிறைவளவு 2 சதவீதம் போலக் குறையும்; 30 டிகிரியில் அது 0.15 மில்லிகிராம்தான். ஆனால் உதகமண்டலத்தில் அதே குறைவு கால் பங்கை நெருங்கும். வானிலைச் செய்தியில் சொல்லப்படும் அழுத்தம் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டது. அதை அப்படியே மீட்டரில் போடக் கூடாது. ஊரின் உண்மையான அழுத்தத்தைப் போட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு இரண்டு சோதனைகள். முதலாவது, பூஜ்யம். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அளவுக்குச் சோடியம் சல்ஃபைட்டை அப்போதே கரைத்தால், அதிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அதில் ப்ரோபை வைத்தால் சில நிமிடத்தில் எண் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 0.8-இலோ 1-இலோ நின்றுவிட்டால் உள்ளே கசிவு இருக்கிறது: பழைய கரைசல், அழுக்கேறிய கேத்தோடு, குமிழி, ஈரமான கனெக்டர் இவற்றில் ஒன்று. சோதனை முடிந்ததும் ப்ரோபை நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் சல்ஃபைட்டு அடுத்த அளவையும் தின்றுவிடும். இரண்டாவது, ஈரக்காற்றில் நிறைவளவு. அடியில் ஈரப் பஞ்சு வைத்த குப்பியில், படலத்தின் மேல் நீர்த்துளி இல்லாமல், நிழலில், வெப்பம் நிலைக்கும்வரை வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காரின் பானட் மேல் வைத்துச் செய்தால் வெப்பமானி ஒரு வெப்பத்திலும் படலம் இன்னொரு வெப்பத்திலும் இருக்கும். அந்தக் கேலிபரேஷனால் நன்மையை விடத் தீமையே அதிகம்.

பூஜ்யத்தைப் பார்க்காமல் நிறைவளவை மட்டும் சரிசெய்வதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. தராசுத் தட்டில் ஒட்டியிருக்கும் புளியைச் சுரண்டாமல் முள்ளை மட்டும் நடுவுக்கு இழுத்து வைக்கும் வேலை அது. கசிவு மின்னோட்டம் உள்ள ப்ரோபையும் 100 சதவீதத்தில் பொருத்திவிட முடியும். காற்றில் அது அழகாக 7.5 காட்டும். ஆனால் கீழே இறங்க இறங்கப் பொய் பெருகும். தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாதபோது 0.8 இருப்பதாகச் சொல்லும். மீன் சாகும் அந்த எல்லையில்தான் நமக்கு உண்மை மிகவும் தேவை. அந்த இடத்திலேயே கருவி ஏமாற்றும். பொறுப்பானவர் பார்க்கும் திரையில் எல்லாம் சரியாக இருக்கும், குளத்தில் மீன் மிதக்கும்.

நிரந்தரமாகத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவைக்கும் சென்சாருக்கு இன்னும் நுட்பமான ஒரு கோளாறு வரும். படலத்தின் மேல் பாசியும் நுண்ணுயிர்ப் படிவும் வளரும். பகலில் அந்தப் பாசி தன் பங்குக்கு ஆக்சிஜனை வெளிவிட்டு அளவை ஏற்றும். இரவில் அதுவே உறிஞ்சி இறக்கும். குளத்தின் இயல்பான ஏற்ற இறக்கமும் அழுக்கின் ஏற்ற இறக்கமும் வரைபடத்தில் ஒரே வடிவத்தில் தெரியும். பிரித்தறிய வழி ஒன்றுதான்: துடைப்பதற்கு முன் ஓர் அளவு, துடைத்த உடனே அதே ஆழத்தில் இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அழுக்கின் பங்கு. அதை எழுதி வைத்தால், முந்தைய நாள்களின் பதிவில் எந்த அளவு நம்பலாம் என்று பின்னோக்கிச் சொல்ல முடியும். துடைத்துவிட்டு, கேலிபரேஷனும் செய்துவிட்டு, முன்பிருந்த எண்ணை எழுதாமல் வந்தால் அத்தனை நாள் பதிவும் வீண்.

ஆப்டிகல் சென்சார் வந்த பிறகு இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்தது என்று விற்பனைக்கு வருபவர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மை. நீல ஒளி பட்டு ஒளிரும் சாயத்தை ஆக்சிஜன் மங்கச் செய்கிறது. அந்த ஒளிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதை வைத்து அளவு கிடைக்கிறது. அது ஆக்சிஜனைத் தின்பதில்லை, கரைசல் மாற்ற வேண்டாம், சல்பைடு அதை எளிதில் கெடுப்பதில்லை. ஆனால் பாசி அதன் மேலும் வளரும். சாயம் பூசிய மூடி தேயும், வெயிலில் வெளுக்கும், ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள் பட்டால் கெடும். பல மாடல்களில் புதிய மூடி போட்டால் அதனுடன் வரும் எண்களையும் மீட்டரில் ஏற்ற வேண்டும். வெப்பமானியும் அழுத்தமும் உப்பும் இதற்கும் பொருந்தும். கருவி மாறியிருக்கிறது, சோதிக்கும் வரிசை மாறவில்லை.

எல்லாம் செய்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் நான் நம்புவது வின்க்ளர் முறையை. ஹங்கேரியின் லாயோஷ் வின்க்ளர் 1888-இல் வெளியிட்ட இந்த முறைக்கு மின்சாரமும் வேண்டாம், படலமும் வேண்டாம். 300 மில்லி பி.ஓ.டி. பாட்டிலில் குமிழி புகாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீஸ் சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடு அசைடு கரைசலும் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வண்டல் இறங்கும். வெள்ளையாகவே இருந்தால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. கணக்குப் போடும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு கந்தக அமிலம் விட்டால் வண்டல் கரைந்து மஞ்சள் நிறம் வரும். அதில் 200 மில்லி அளவு எடுத்து 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டால் டைட்ரேட் செய்து, ஸ்டார்ச் விட்ட நீல நிறம் மறையும்போது செலவான மில்லியைப் பார்த்தால், அதுவே லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதற்கான விடை. இதற்கும் குறைகள் உண்டு. பழைய தயோசல்ஃபேட்டு, பாட்டிலில் மாட்டிய குமிழி, மிகுதியான பாசி, இரும்பு எல்லாம் விடையைக் கெடுக்கும். அமிலத்தைக் கையாளத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். ஆனால் மீட்டர் கெடும் காரணங்களும் வின்க்ளர் கெடும் காரணங்களும் வேறு வேறு. இரண்டும் ஒரே விடை சொன்னால் அந்த விடையை நம்பலாம்.

கல்லூரி மாணவர்களும் ஊர்க் குழுக்களும் தன்னார்வலர்களும் இப்போது டி.ஓ. மீட்டரோடு குளக்கரைக்கு வருவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்களிடம் நான் வேண்டுவது சில காரியங்கள்தான். அளவோடு நேரம், ஆழம், வெப்பம், வெயிலா நிழலா என்பதையும் எழுதுங்கள். கருவியைத் தொடும் முன் அது காட்டிய எண்ணை எழுதாமல் எதையும் சுத்தம் செய்யாதீர்கள், எதையும் திருத்தாதீர்கள். பூஜ்யச் சோதனைக்கு ஒரு சிறு பொட்டலம் சோடியம் சல்ஃபைட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். பகல் பதினொரு மணிக்கு ஓர் அளவு எடுத்துவிட்டுக் குளம் நலமாக இருக்கிறது என்று அறிக்கை எழுதாதீர்கள். குளம் தாங்குமா தாங்காதா என்பதைச் சொல்லும் எண் விடியலுக்கு முன் எடுக்கும் எண்தான். அந்த ஓர் அளவுக்காகச் சீக்கிரம் எழுந்து வாருங்கள்.